பச்சை மை

பச்சை மை கண்ணை உறுத்தாது, அதனால்தான் வாங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நீங்கள் அந்த நோட்டை மேசைமேல் விரித்தபோது என் மனதில் ஓடியது அவ்வளவுதான். சிவப்பில் திருத்தினால் பிள்ளைகள் பயந்துபோவார்கள். அவளைப் பயமுறுத்த நான் என்றைக்கும் நினைத்ததில்லை, மேடம்.

பச்சையில் தப்பென்று அடித்தவை நாற்பத்திமூன்று கணக்குகள் என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள். நாற்பத்திரண்டு என்று திருத்திக்கொள்ளுங்கள். முதல் கணக்கில் எனக்கே சரியான விடை தெரியாது.

விடுதியில் என்னைப் பெரியக்கா என்பார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் போன பிறகும் ஒரு கணிதப் பாடத்துக்காக நான் அதே அறையில் இருந்தேன். மூன்று முறை எழுதி மூன்று முறையும் போனது. "அக்கா, உங்ககிட்ட ஃபீஸ் வாங்குறாங்களா, வாடகை வாங்குறாங்களா?" என்று சாப்பாட்டு வரிசையில் ஒருத்தி கேட்டாள். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். முடிவு வரும் நாளில் அப்பாவுக்கு போன் செய்வேன். அவர், "சரிம்மா, சாப்பிட்டியா?" என்பார். சாப்பிட்டேன் என்பேன். சாப்பிட்டிருக்க மாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் என் அறைக்கு வந்தாள். கணக்கில் ஒவ்வொரு வரி முடிவிலும் புள்ளி வைப்பாள், அதனால் எல்லாருக்கும் அவள் புள்ளி. முதல் பருவத்தில் அவளும் அதே பாடத்தில் தோற்றிருந்தாள். ஒரே நோட்டை இரண்டு பேரும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. இடது பக்கம் அவள் போடுவாள், வலது பக்கம் நான். பிறகு மாற்றித் திருத்திக்கொள்வோம். மூன்று முறை தோற்றவளுக்கு எல்லாத் தப்பும் அத்துப்படியாக இருக்கும் என்பது அவள் வாதம். அழகாகப் பேசுவாள்.

முதல் கணக்கில், தொகையிட்டவுடன் வருகிற மாறிலியை, அந்த 'C'யை, அப்போதே எழுதிவிட்டு, பிறகு முழுவதையும் வகுத்திருந்தாள். மாறிலியைக் கடைசியில் சேர்த்தால் போதும் என்பது என் எண்ணம். மூன்று தேர்விலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அவள் விடையைப் பச்சையில் அடித்தேன். "ஐயோ, ஆமாங்கா" என்று கீழேயே நான் சொன்னபடி எழுதி, புள்ளி வைத்தாள்.

மறுநாள் பாடப்புத்தகத்தில் பார்த்தேன். அவள் போட்டதுதான் சரி.

சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் புத்தகத்தை மூடினேன். ஆனால் அவள் அந்த "ஆமாங்கா" சொன்னதிலிருந்து என் நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கிவிட்டிருந்தது. அன்று மதியம், மூன்று மாதத்தில் முதல் முறையாக, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் தெரிந்து செய்தது. ஒரு விஷயம் உங்களுக்குப் புரியும், நீங்கள் பாடம் நடத்துகிறவர். ஒரு கணக்கை அடுத்தவர் நம்பும்படி தப்பாக்க வேண்டுமென்றால், அது எப்படிச் சரி என்று முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் படித்தேன். வகுப்பில் கேட்டும் ஏறாத பாடம் அவளுக்காக உட்கார்ந்தபோது ஏறியது. வாரம் ஒன்றிரண்டு கணக்குதான் அடிப்பேன். மற்றவற்றுக்கு 'நன்று' என்று எழுதுவேன், இல்லாவிட்டால் நம்ப மாட்டாள். அடுத்த தேர்வில் நான் எண்பத்தொரு மதிப்பெண். அவள் பத்தொன்பது. என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காக அழுதாள், சந்தோஷத்தில்.

அதோடு நான் கிளம்பியிருக்கலாம் என்கிறீர்கள். அவளை அந்த நிலையில் எப்படி விட்டுப் போவது? அதே ஊரில் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லிக்கொடுத்தேன்.

அவள் மெதுவாகத்தான் மாறினாள். முதலில் கணக்கு. அப்புறம் பூட்டு, பூட்டினேனா என்று மூன்று முறை திரும்பிப் போவாள். கடையில் மீதிச் சில்லறையை உள்ளங்கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நான் தலையாட்டிய பிறகுதான் விரல்களை மூடுவாள். சில நாள் தலையாட்டக் கொஞ்சம் தாமதிப்பேன்.

போன தேர்வில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும், விடைத்தாளைத் திருத்தியவர் நீங்கள். எல்லாக் கேள்விக்கும் எழுதி, எல்லாவற்றையும் ஸ்கேல் வைத்துக் குறுக்கே அடித்திருந்தாள். அடித்ததற்குக் கீழே இருந்தது அத்தனையும் சரி. அதைப் பார்த்து நீங்கள் அவளைக் கூப்பிட்டீர்கள். அவள் இந்த நோட்டைக் காட்டினாள்.

இப்போது வீட்டில் இருக்கிறாள். இரண்டு டம்ளர் தண்ணீரை மேசைமேல் வைத்துவிட்டு, "அம்மா, இது ரெண்டுதானே?" என்று கேட்கிறாளாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவள் அம்மா சொன்னார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஒரே ஒரு வரிம்மா" என்றார். திட்டக்கூட இல்லை.

திங்கட்கிழமை மறுதேர்வு. அதையும் விட்டால் கல்லூரியிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். நீங்கள் அத்தனையும் சரி என்று சொல்லிப் பார்த்துவிட்டீர்கள், நம்பவில்லை. "அக்கா பச்சையில எழுதினா ஒத்துக்கிறேன்" என்கிறாள். அதனால் என் பேனாவையே என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். 'நீ போட்டது எல்லாம் சரி, நான்தான் தப்பாகத் திருத்தினேன்.' இவ்வளவுதான் எழுத வேண்டும்.

நான்தான் செய்தேன் என்று நீங்கள் எந்தத் தாளில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு என்ன தண்டனை என்றாலும் சரி. ஆனால் அந்த வரி அவள் கைக்குப் போகிற வரி. அதைப் படித்துவிட்டு அவள் யாரை நம்பி இருப்பாள்? நீங்கள் யோசித்தீர்களா என்று தெரியவில்லை.

பேனாவை மூடி உங்கள் பக்கம் நகர்த்தினேன்.

"வேண்டாம் மேடம். அவளுக்கு இன்னும் அடிப்படையே சரியா வரலை. ஞாயித்துக்கிழமை வீட்டுல இருக்கச் சொல்லுங்க. நான் போய் முதல்லேருந்து சொல்லிக்கொடுக்கிறேன்."