டின்னில் ஒட்டிய மாவு

வினோதினி: அவ்ளோ ஒசரத்துல தூக்கிச் சலிக்காதீங்க. வூடு பூரா பறக்குது பாருங்க.

தர்மராஜ்: நீதான சொன்ன, மாவுல காத்து பூந்து எறங்கணும், அப்பதான் கேக் மெத்துனு வரும்னு…

வினோதினி: அதுக்கு ஒரு சாண் போதும். கைப்பிடிய மெதுவா அமுக்குங்க. உடைச்சிராதீங்க, டம்ளர் மாதிரி இருக்கற இந்தச் சல்லடை பெரம்பலூர்லகூட கெடைக்கல எனக்கு.

தர்மராஜ்: சிமெண்ட் மூட்டை புடிச்ச கைடி இது. டம்ளருக்கு அடங்குமா?

வினோதினி: கல்யாணமான நாள்லேருந்து அடுப்படிப் பக்கம் எட்டிப் பாக்காத மனுஷன்… இன்னைக்கு என்னமோ நானும் சலிக்கிறேன்னு வந்து நிக்கிறீங்க.

தர்மராஜ்: பொண்டாட்டிக்கு ஒத்தாசை பண்ணுனா அதுக்கும் குத்தமா?

வினோதினி: பாத்தீங்களா, இரும ஆரம்பிச்சிட்டீங்க. மூக்குல துண்டக் கட்டுங்கன்னேன்ல…

தர்மராஜ்: ஒண்ணுமில்ல… சளி. சாதா சளி.

வினோதினி: பொங்கலுக்குப் புடிச்ச சளி. ஆடி பொறக்கப் போவுது.

தர்மராஜ்: டீ வடிகட்டிய எதுக்கு எடுத்து வச்சிருக்க? டீ போடப் போறியா?

வினோதினி: பேச்ச மாத்துங்க. அது கேக்கு மேல தூவுறதுக்கு. பொடிச்ச சீனிய அதுல போட்டு ஓரத்துல தட்டுனா பனி மாதிரி விழும். பெரிய சல்லடைன்னா கட்டி கட்டியா விழுந்துரும். உடையார்பாளையத்து அனுசுயா டீச்சர் மவளுக்குப் பொறந்த நாளு. முந்திரி கேக். கிரீம் வேணாம், சீனி தூவுனா போதும்னுட்டாங்க.

தர்மராஜ்: நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரேன்.

வினோதினி: ஷிப்ட்டு?

தர்மராஜ்: இன்னைக்கு லீவு.

வினோதினி: லீவா… சரி. இந்தாங்க டின்னு. நெய் தடவிட்டேன். மாவத் தூவி ஒரு சுத்து சுத்துங்க… ம், அப்படித்தான். இப்பக் கவுத்துத் தட்டிட்டு, மிச்சம் ஒட்டியிருக்கறத ஊதி வுடுங்க.

தர்மராஜ்: தட்டுனா போதாதா?

வினோதினி: மூலையில நின்னா அடியில வெள்ளை வெள்ளையாத் தெரியும். ஊதுங்க.

தர்மராஜ்: …

வினோதினி: ஊதுங்கன்னா.

தர்மராஜ்: ஊதிட்டுதான இருக்கேன்.

வினோதினி: மாவு அசையவே இல்லியேங்க.

தர்மராஜ்: வுடு வினோ.

வினோதினி: இன்னொரு தடவ ஊதுங்க. என் மூஞ்சியப் பாத்து ஊதுங்க…

தர்மராஜ்: முடியலடி.

வினோதினி: என்னங்க இது… ஒரு சிட்டிகை மாவ ஊத முடியலியா உங்களால? ராத்திரி சொவத்துல சாஞ்சுக்கிட்டே தூங்குறீங்களே, கேட்டா புழுக்கம்னு சொன்னீங்களே…

தர்மராஜ்: படுத்தா மூச்சு நிக்கிற மாதிரி இருக்கு.

வினோதினி: ஷிப்ட் முடிஞ்சா ஆளுக்கு ஒரு அச்சு வெல்லம் திம்போம், தூசியெல்லாம் எறங்கிரும்னு சொன்னீங்க. நானும் அத நம்பிக்கிட்டுக் கெடந்தேன். டாக்டர்கிட்ட காட்டுனீங்களா இல்லியா?

தர்மராஜ்: திருச்சியில காட்டுனேன்… நெஞ்சுல தூசி படிஞ்சு போச்சாம். படிஞ்சது படிஞ்சதுதானாம். மருந்து சாப்ட்டா இன்னும் மோசமாவாம பாத்துக்கலாம்னாரு. தூசி இருக்கற பக்கமே தல வச்சுப் படுக்கக் கூடாதாம். அதக் கேட்டதும் காண்ட்ராக்டர் இனிமே வராதன்னுட்டாரு.

வினோதினி: எங்கிட்ட ஏங்க மறச்சீங்க?

தர்மராஜ்: சொன்னா மாவு பறக்குதுன்னு சல்லடை, ஓவனு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுருவ. நீ ஆசப்பட்டுக் கத்துக்கிட்டது இது ஒண்ணுதான். அப்புறம்… பயமாவும் இருந்துச்சு. வாய் தொறந்து சொல்லிட்டா நெசமாயிரும்னு.

வினோதினி: அய்யோ… இத்தன நாளு ஒத்தையாவா சொமந்தீங்க…

தர்மராஜ்: அழுவாத. நீ கொல்லைப்பக்கம் வச்சு சலி, நான் வாசல்ல ஒக்காந்துக்கிறேன். இனிமே இந்தக் கேக்குலதான் வூடு ஓடணும். நான் கொண்டுபோய்க் குடுக்கறேன்… ஏன் தலைய ஆட்டுற?

வினோதினி: உங்கள வேலைய வுட்டு நிறுத்துனது எனக்கு முன்னாடியே தெரியும். ஊர்ல பேசிக்கிட்டாங்க.

தர்மராஜ்: தெரிஞ்சுக்கிட்டேவா தெனமும் சோறு கட்டிக் குடுத்த?

வினோதினி: ஆளக் கொறச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். மனசு நோவக் கூடாதுன்னு கேக்கல. நீங்கதான சளி, சளின்னே சொன்னீங்க… தூசி ஒண்ணும் பண்ணாதுன்னு நம்பித்தான் போயிக் கேட்டேன்.

தர்மராஜ்: யாருகிட்ட? என்னடி கேட்ட?

வினோதினி: உங்க காண்ட்ராக்டர்கிட்டதான். நீங்க காலையில டிபன் பாக்ஸோட கெளம்புன பொறவு, நானும் கெளம்பிப் போறேங்க… சிமெண்ட் மூட்டை கட்டுற எடத்துல தூசி கூட்டுற வேலைக்கு.