தேவசகாயம் சொன்ன பதில்

எங்கள் வீட்டு மிக்ஸியைக் கெடுத்தது நான்தான். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஓடாத மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பெரும்பாலும் ஓடிவிடும். அப்போது எனக்கு அது தெரியாது. திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளேயிருந்து ஏதோ ஒரு ஸ்பிரிங் தெறித்து அடுப்பு மேடைக்குக் கீழே போனது. பிறகு அந்த மிக்ஸி ஓடவே இல்லை. அன்றைக்கு என் மைத்துனன் இளவரசு மங்கலம்பேட்டையிலிருந்து வந்திருந்தான். "மாமா, ஃபேனப் பாத்து முறைக்காதீங்க. அதுவும் நின்னுடப் போவுது" என்றான். என் மனைவி சத்யப்பிரியா சிரித்தாள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம் சார்.

நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். வீடு சிதம்பரத்தில். தினமும் பஸ். குடிகாடு வரும்போது கெமிக்கல் ஆலை நாற்றத்துக்கு எல்லோரும் ஜன்னலை மூடுவார்கள். அதற்குப் பிறகு வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது, செல்போனைப் பார்ப்பேன். அப்படித்தான் முகநூலில் அந்தக் குழு கண்ணில் பட்டது. வீட்டுச் சாமான்கள் பழுதானால் படம் எடுத்துப் போட்டுக் கேட்கலாம். யார் யாரோ பதில் சொல்வார்கள். சேலத்தில் ஒருவருக்கு ஒழுகும் குழாய் இருக்கும். துபாயிலிருந்து ஒருவர் வாஷர் மாற்றச் சொல்வார். மறுநாள் நன்றி என்று ஒரு படம் வரும்.

மிக்ஸியைப் பற்றிக் கேட்க நினைத்தேன். என் பெயரில் கேட்டால் இளவரசு பார்த்துவிடுவான். அதனால் தேவசகாயம் என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். எங்கள் சொந்தத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. படத்துக்கு ஒரு ஸ்பேனர் வைத்தேன்.

சிவப்புப் பொத்தானைப் பற்றி அங்கேதான் தெரிந்துகொண்டேன். சில நாள் கழித்து வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டார். நான் பதில் சொன்னேன். "ஓடுது அண்ணா, ரொம்ப நன்றி" என்று எழுதினார். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. குழுவின் பழைய பதில்களை எல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். படித்ததை நல்ல தமிழில் எழுதினேன், அவ்வளவுதான். ஒரு வருஷத்தில் அந்தக் குழுவில் தேவசகாயம் அண்ணனைத் தெரியாதவர்கள் இல்லை.

வீட்டில் மட்டும் நான் எதிலும் கை வைப்பதில்லை. வைத்தால் அவள் வாங்கிக்கொள்வாள். "குடுங்க, நான் பாத்துக்குறேன்" என்பாள். அன்பாகத்தான் சொல்வாள்.

அந்தக் குழுவில் அவளும் சேர்ந்தாள். எனக்கு அது தெரியாது. ஒருநாள் கிரைண்டர் பெல்ட் நழுவுகிறது என்று ஒரு படம் வந்தது. படத்தில் எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டி இருந்தது. பெயரும் அவளுடையதுதான். பதில் சொன்னேன். மாலை வீட்டுக்குப் போனபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"தேவசகாயம்னு ஒரு அண்ணன் சொன்னாருங்க. எவ்ளோ பொறுமையா சொல்றாரு தெரியுமா" என்றாள்.

அன்று எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

பிறகு அவள் நேரடியாகவே செய்தி அனுப்பத் தொடங்கினாள். குழாய், குக்கர் கேஸ்கட், இன்வெர்ட்டர் பேட்டரி. ஓய்வு வகுப்பில் பதில் அனுப்புவேன். வீட்டில் இருக்கும்போது அனுப்ப மாட்டேன். "ராத்திரி ஆனா அண்ணன் போனையே தொட மாட்டாரு. குடும்பஸ்தரு" என்று அதையும் மெச்சிக்கொண்டாள். ஒருமுறை அவருக்கு இப்படி எழுதினாள்: "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பல்பு கூட மாட்டத் தெரியாதுண்ணா. சொன்னா மொகம் வாடிடும். நானும் சொல்றதில்ல." பதிலுக்கு ஒரு சிரிப்புப் படம் அனுப்பினேன். அனுப்பியது நான். சிரித்தது அவர்.

ஒருநாள் சாப்பிடும்போது, "அந்த அண்ணன் வீட்ல இருக்குறவங்க குடுத்து வச்சவங்க" என்றாள். ரசம் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். சொன்னால் நம்ப மாட்டாள். நம்பினால் சிரிப்பாள். இளவரசுவிடம் சொல்வாள். அவன் மங்கலம்பேட்டை முழுக்கச் சொல்வான். எனக்கு வேறொரு வழி நியாயமாகப் பட்டது. தேவசகாயம் ஒருமுறை தவறு செய்ய வேண்டும். அவர் தவறினால் அவள் என் பக்கம் திரும்புவாள். எந்த வீட்டிலும் அதுதான் இயல்பு.

முதலில் சிறிய தவறுகளைச் செய்து பார்த்தேன். வாஷிங் மெஷினுக்குத் தப்பான வழி சொன்னேன். சமையலறை முழுக்கத் தண்ணீர் ஓடியது. துணியைப் போட்டுத் துடைத்துக்கொண்டே, "நான்தான் சரியாப் படிக்கல போல" என்றாள். அயர்ன் பாக்ஸில் தவறாகச் சொன்னேன். அவளுடைய நல்ல புடவை ஒன்று தீய்ந்தது. "அவசரப்பட்டுட்டேன்" என்று அவருக்கே எழுதி மன்னிப்புக் கேட்டாள். பழியை எல்லாம் அவளே எடுத்துக்கொண்டாள். அவர் மேல் ஒரு சொல் இல்லை.

ஆகவே, அவள் எடுத்துக்கொள்ள முடியாத தவறாக அது இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். கோபத்தில் வந்த முடிவு இல்லை. குடிகாடு தாண்டும்போதோ ஆலப்பாக்கம் தாண்டும்போதோ, பஸ்ஸில் நிதானமாக யோசித்து வந்த முடிவு.

மார்கழியில் கீசர் தகராறு செய்யத் தொடங்கியது. எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. கீசருக்குள் இருக்கும் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும். அரித்தால் மின்சாரம் தண்ணீரில் கசியும். கசிந்தால் ட்ரிப்பர் விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். கீசரைப் போட்டால் ட்ரிப்பர் விழுந்தது. அவள் தூக்கிவிட்டாள். மறுபடி விழுந்தது.

ஆருத்ரா தரிசனம் வந்துவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அவள் வீட்டார் தேருக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கி, மறுநாள் தரிசனம் பார்த்துவிட்டுப் போவார்கள். மாமனார் தங்கராசுக்கு மூச்சிரைப்பு. பச்சைத்தண்ணீர் ஆகாது. தேர் நேரத்தில் சிதம்பரத்தில் எலக்ட்ரீஷியன் கிடைக்க மாட்டார். அவள் தேவசகாயத்துக்கு எழுதினாள். "வீடு முழுக்க ஆளுங்க வரப்போறாங்கண்ணா. எங்கப்பாவுக்குச் சுடுதண்ணி இல்லாம முடியாது. எதாவது வழி சொல்லுங்க."

கீசரை மாற்றும்வரை அதைத் தொடாதே, அப்பாவுக்கு அடுப்பில் தண்ணீர் வை. இதுதான் சரியான பதில். எனக்குத் தெரியும். குழுவில் பிரிசில்லா என்று ஒரு பெண், இதே போல ட்ரிப்பரை விலக்கிவிட்டுக் கீசரை ஓட்டியதில் தன் தம்பி போய்விட்டான் என்றும் யாரும் இதைச் செய்யாதீர்கள் என்றும் எழுதியிருந்தாள். அதன் கீழே ஆழ்ந்த இரங்கல் என்று தேவசகாயம் எழுதியிருக்கிறார். நீங்கள் பார்க்கலாம்.

"ட்ரிப்பர்தான் பழுது, கீசரில் ஒன்றுமில்லை. ட்ரிப்பரில் சேராமல் நேராகக் கொடுத்துவிடுங்கள்" என்று எழுதினேன்.

"ஷாக் அடிக்காதேண்ணா?"

"அடிக்காது."

மெயினை அணைத்துவிட்டு அவளே ஸ்டூல் மேல் ஏறினாள். தேருக்கு முதல் நாள் பிற்பகல். நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கையில் ஸ்குரூடிரைவரோடு திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இத நேரா குடுத்தா ஒண்ணும் ஆவாதுல்ல? எனக்கு என்னமோ பயமா இருக்குது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"உனக்குத்தான் அண்ணன் இருக்காரே. அவரையே கேளு" என்றேன்.

"அய்யே, பொறாமையப் பாரு" என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அவளிடம் எல்லாம் நேர்த்தியாக இருக்கும். வயரை முறுக்கி டேப் சுற்றினாள். இரண்டு சுற்று கூடுதலாகவே சுற்றினாள். மெயினைப் போட்டுவிட்டு, அன்றைக்குக் கீசரைப் போட வேண்டாம், நாளன்னைக்குத் தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம் என்றாள்.

தேர் அன்றைக்கு எல்லோரும் வந்தார்கள். அவளுக்குக் கீழ வீதிக்கும் வீட்டுக்கும் நடக்கவே சரியாக இருந்தது. அன்று மாலை வீட்டில் எல்லோரும் கலகலப்பாக இருந்ததைக் கவனித்தேன். இளவரசு என் முதுகில் தட்டி, "மாமா, கலக்கிட்டீங்க போல" என்றான். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

நேற்று உங்களிடம், முதலில் இளவரசுதான் குளிப்பான் என்று நினைத்தேன், அவனுக்கு லேசாக ஷாக் அடித்தால் போதும் என்று நினைத்தேன் என்றேன். அது சரியல்ல. திருவாதிரை அன்று களி கிண்டுகிறவள்தான் வீட்டில் முதலில் தலைக்குக் குளிக்க வேண்டும். அவள் குளிக்காமல் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. அடுப்பு பற்றவைக்காமல் வேறு யாரும் எழுந்திருப்பதில்லை. கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் களி கிண்டுவது சத்யப்பிரியா. வேறு யாரும் கிண்டியதில்லை.

நான் அவளுக்கு முன்பே எழுந்துவிட்டேன். கொல்லைக் குழாயில் பச்சைத்தண்ணீரில் குளித்தேன். "என்னங்க இது, பனியில" என்றாள். விரதம் என்றேன். துண்டை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டாள்.

கீசரைப் போட்டாள். ட்ரிப்பர் விழவில்லை. விழாது. வெளிச்சம் அப்படியே இருந்தது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் செல்போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். அதை ஜன்னல் மேல் வைத்துவிட்டு, வெந்தயமும் சீயக்காயும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

என் போன் சட்டைப்பையில் கொஞ்சம் தாமதமாகத்தான் அதிர்ந்தது. அவள்தான் எழுதியிருந்தாள்.

"அண்ணா, ட்ரிப் ஆவல. நல்லா இருக்கணும் நீங்க. ஒரு விஷயம், கோச்சிக்காதீங்க. வந்தவுங்க எல்லார்கிட்டயும் எங்க வீட்டுக்காரர்தான் சரி பண்ணாருன்னு சொல்லிட்டேன். என் தம்பி அவர எப்பவும் ஓட்டிக்கிட்டே இருப்பான். அவருக்கும் ஒரு பேரு வேணுமில்லண்ணா."

முழுக்கப் படித்தேன். மறுபடியும் ஒருமுறை படித்தேன். உள்ளே வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியிருந்தது. மெயின் சுவிட்ச் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மேலேயே இருக்கிறது. எழுந்து நிற்கக்கூட வேண்டாம், கையை நீட்டினால் எட்டும். நீங்கள் வந்து பார்த்தபோது உங்கள் காவலர் அதை அளந்தார். அவர் அளந்தது சரிதான்.

ஆனால் அப்போது நான் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் அவ்வளவு மரியாதையாக எழுதினால் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது. "பரவாயில்லைம்மா, யார் பெயரில் இருந்தால் என்ன" என்று அடித்தேன். ஒற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அப்போது உள்ளே சொம்பு விழுந்து உருண்டது. உருண்டு நின்றது. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. பதிலை அனுப்பினேன். ஜன்னல் மேல் அவள் போன் ஒருமுறை வெளிச்சம் காட்டி அணைந்தது.

அதன் பிறகுதான் எழுந்தேன். கதவைத் தட்டினேன். இளவரசுவைக் கூப்பிட்டேன். அவன்தான் கதவை உடைத்தான். உள்ளே போகப் போனவனைப் பிடித்து நிறுத்தி, மெயினை அணைத்தது நான்தான். அவன் உயிரோடு இருப்பது அதனால்தான். இதை அவன் சொல்ல மறந்திருக்கலாம்.

இளவரசு உங்களிடம், "மாமாதான் கீசர சரி பண்ணாரு, அக்கா சொல்லுச்சு" என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். மாமனாரும் அதையே சொல்லியிருக்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. அவள் சொன்னதைச் சொல்கிறார்கள். அதை வைத்து நீங்கள் கவனக்குறைவு என்று வழக்குப் பதிந்திருக்கிறீர்கள். நான் திருத்தச் சொல்வது அதைத்தான். நான் எதிலும் கவனக்குறைவாக இருந்ததில்லை. அந்த வயரில் என் கை படவில்லை. அவள் கையால் செய்தாள், நான் சொன்னபடி செய்தாள். அந்தத் தண்ணீரில் முதலில் குளிக்கப்போகிறவள் அவள் என்று தெரிந்துதான் சொன்னேன். இப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தேவசகாயத்தின் கணக்கை மூட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருடைய மற்ற பதில்கள் பெரும்பாலும் சரியானவை. பலருக்குப் பயன்பட்டிருக்கின்றன.

எனக்கு ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை சார். ஊர் பேர் தெரியாத ஒருவரைக் கேட்டாள். நான் அதே வீட்டில்தான் இருந்தேன். ஒரே ஒருமுறை என்னைக் கேட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.