சத்தம் போடாத கைபேசி

கைபேசி வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் எதையும் இரண்டு முறை கேட்டுக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் கேட்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் நில அளவையாளராக இருந்தவன் நான். ஒரு முறை மட்டும் அளந்துவிட்டு எங்கும் எல்லைக்கல் நட்டதில்லை. அதனால், விவரம் தெரியாமல் ஏமாந்து வாங்கிவிட்டார் பெரியவர் என்று உங்கள் அறிக்கையில் எழுத வேண்டாம். விலை குறைந்த கைபேசியைத் தெரிந்துதான் வாங்கினேன்.

என் மகளுக்கு எட்டு வயதில் சர்க்கரை நோய் வந்தது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி; போட்ட பிறகு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். எனக்கும் என் மனைவிக்கும் மருத்துவருக்கும் தவிர இது யாருக்கும் தெரியாது. அவளைப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பியதில்லை. உறவினர் வீட்டில் தங்க விட்டதில்லை. பொல்லாத அப்பா என்று என்னைப் பற்றிப் பேசினார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டேன். குறை உள்ள பெண் என்று அவளைப் பேசுவதைவிட அது மேல்.

கல்யாணம் பேசும்போது சம்பந்தியம்மா கேட்டார், பெண்ணுக்கு உடம்புக்கு எதுவும் இல்லையே என்று. எங்கள் பெண் காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை என்றேன். அது பொய்யில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, மாப்பிள்ளையிடமாவது சொல்லிவிடலாம் என்றாள். அவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், சாந்தமான மனிதர், புரிந்துகொள்வார் என்றாள். நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நான் பதில் சொல்லாவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

கல்யாணத்துக்கு முன்பு மருத்துவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். இத்தனை ஆண்டு ஊசி போட்ட உடம்பு, சர்க்கரை இறங்கினால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், இவளுக்கு அந்த நடுக்கம்கூட வருவதில்லை, தெரியாமலே மயங்கிவிடுவாள் என்றார். மேல்கையில் ஒட்டிக்கொள்ள ஒரு சிறிய வில்லை கொடுத்தார். நாணயம் அளவுதான் இருக்கும். அது கைபேசியோடு பேசும். சர்க்கரை இறங்கினால் கைபேசி சத்தம் போடும். அதற்கு ஏற்ற நல்ல கைபேசியாக வாங்குங்கள் என்று ஒன்றின் பெயரை எழுதிக் கொடுத்தார். வில்லையைப் பற்றி மாப்பிள்ளை கேட்டால் கைவலிக்கு ஒட்டும் பட்டை என்று சொல்லும்படி மகளிடம் சொல்லிவைத்தேன்.

கடைக்குத் தனியாகத்தான் போனேன். விற்பனையாளர் வாயாடி. மருத்துவர் எழுதிய கைபேசியை எடுத்து, அந்த எச்சரிக்கை எப்படி இருக்கும் என்று காட்டினார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அழுதது.

"சைலன்ட்ல போட்டாலும் இது கத்தும் சார். ஊரையே கூட்டிடும்" என்றார் அவர், தன் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

நான் அந்தச் சத்தத்தை மனதுக்குள் சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தேன். எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். என்னம்மா இது என்று கேட்கிறார்கள். அவள் என்ன சொல்வாள்?

பக்கத்தில் இருந்த மலிவான கைபேசியைக் காட்டிக் கேட்டேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். அது பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பின்னால் ஓடும் செயலிகளைத் தூங்கவைத்துவிடும், திறந்து பார்த்தால் சர்க்கரை எண்ணைக் காட்டும், தானாகச் சத்தம் போடுமா என்றால் நம்ப முடியாது என்றார். சத்தமே வராமல் செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"எல்லாரும் சத்தம் பத்தலைன்னு சண்டைக்கு வருவாங்க. கத்தாத போன் வேணும்னு கேக்கற முதல் ஆளு நீங்கதான் சார்."

எந்த இடத்தில் அழுத்தினால் எச்சரிக்கை நிற்கும் என்று காட்டினார். வீட்டுக்கு வந்து நானே அழுத்தினேன். பிறகு மறுபடி திறந்து, நின்றுவிட்டதா என்று சரிபார்த்தேன்.

கைபேசியை அவள் கையில் கொடுத்தபோது புரட்டிப் பார்த்தாள். "டாக்டர் எழுதினது இது இல்லையேப்பா" என்றாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். கடைக்காரர்கிட்டயே கேட்டுட்டேன்."

அவள் குரலைத் தாழ்த்தி, "விலை ரொம்பவாப்பா? என்கிட்ட கொஞ்சம் இருக்கு. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்" என்றாள்.

எனக்கு வசதியில்லை, அதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள். வாழ்நாளில் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கோபம் வந்தது. ஆனாலும் அவள் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அப்பா கொடுத்த போன் என்று புகுந்த வீட்டில் எல்லோருக்கும் காட்டினாளாம். மாப்பிள்ளை வேறு நல்லது வாங்கித் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றாளாம். இதை மாப்பிள்ளை நேற்று இந்தக் காவல் நிலைய அறைக்கு வெளியே நின்று என்னிடம் சொன்னார்.

மூன்றாம் மாதம் சம்பந்தியம்மா என்னைக் கூப்பிட்டார். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். உங்கள் பெண் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள், குளியலறைக்குப் போனாலும் எடுத்துக்கொண்டு போகிறாள், அந்தப் பக்கம் யார் இருக்கிறார்களோ தெரியவில்லை என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது. உடனே மகளைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"நம்பர்தான்பா பாக்கறேன்" என்றாள்.

"தெரியும். அதைக் குறைச்சுக்கோ. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. இறங்கினா சத்தம் வரும்ல, அப்போ பாத்தா போதும்."

"இதுவரைக்கும் ஒரு தடவைகூட சத்தம் வரலப்பா."

"அப்போ நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம்."

அவள் சிரித்தாள். சரிப்பா என்றாள். என் மகள் நான் சொன்னதைத் தட்டியதே இல்லை. அவள் கைபேசியைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள் என்று சம்பந்தியம்மாவே பின்னால் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

இனி அந்த நாள். அன்று அவர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரம் என்று அவள் வழக்கம்போல் குளியலறைக்குள் மறைவாக ஊசி போட்டுக்கொண்டுவிட்டாள். பந்தி தாமதமாகியிருக்கிறது. வீட்டு மருமகளாக எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடலாம் என்று இருந்திருக்கிறாள். தலை கனக்கிறது, பத்து நிமிடம் படுத்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போயிருக்கிறாள்.

மூன்று மணிக்கு மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார்.

"மாமா, அவளை எழுப்பினா எழுந்திரிக்க மாட்டேங்கறா. உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. அவளுக்கு முன்னாடி ஏதாவது இருந்துச்சா?"

அவர் குரலுக்குப் பின்னால் ஆட்கள் பேசுவது கேட்டது. தேநீர் கலக்கும் கரண்டிச் சத்தம் கேட்டது. என்னவாம் என்று ஒரு பெண்குரல் கேட்டது.

"அவ தூக்கம் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் மாப்பிள்ளை" என்றேன். "விடுங்க, தானா எழுந்திருப்பா. நான் அந்தப் பக்கம்தான் வர்றேன்."

நான் எந்தப் பக்கமும் வந்துகொண்டிருக்கவில்லை. வீட்டில் இருந்தேன். சமையலறைக்குப் போய்ச் சர்க்கரையை ஒரு தாளில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் வாய்க்குள் யாருக்கும் தெரியாமல் தடவிவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்பது என் கணக்கு. சிறுமியாக இருந்தபோது இரண்டு முறை அப்படி எழுந்திருக்கிறாள். அவர்கள் வீட்டுக்கு வண்டியில் நாற்பது நிமிடம். அன்று ஒரு மணி நேரம் ஆனது. வழியில் மாப்பிள்ளை இரண்டு முறை கூப்பிட்டார். டாக்டரை வரச்சொல்லட்டுமா என்று கேட்டார். விருந்தாளிகளை வைத்துக்கொண்டு எதற்கு, இதோ வந்துவிட்டேன் என்றேன். பெரியவர் சொல்லுக்கு மரியாதை கொடுக்கிற பிள்ளை அவர். காத்திருந்தார்.

மாடிக்குப் போனதும் எங்கள் இருவரையும் தனியாக விடச் சொன்னேன். தகப்பன் மகளை எழுப்பப் போகிறான் என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். வெளியே அவர்கள் நிற்கும் நிழல் கதவின் அடியில் தெரிந்தது. அவள் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கைபேசி தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது.

நான் முதலில் என்ன செய்தேன் என்று நேற்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். முதலில் அவள் மேல்கையில் இருந்த வில்லையைத்தான் உரித்தேன். அது சீக்கிரம் வரவில்லை. நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. பிறகு கைபேசியில் இருந்து சர்க்கரை எண் காட்டும் செயலியை நீக்கினேன். அதன் பிறகுதான் சட்டைப் பையில் கைவிட்டேன். சர்க்கரையை அவள் உதட்டுக்குள் வைத்தபோது அது உள்ளே இறங்கவில்லை. வாயில் ஈரம் இருந்தது, ஆனால் மூச்சு நின்றிருந்தது; விழுங்குவதற்கு அவள் இல்லை. அப்படியே அவள் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் அதைத் துடைத்து எடுத்தேன். உதட்டில் ஒரு மணிகூட ஒட்டியிருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் துடைத்தேன். பிறகுதான் கதவைத் திறந்தேன்.

அவள் தொடையில் இருக்கும் ஊசித் தடங்களைக் காட்டி நீங்கள் மாப்பிள்ளையைச் சந்தேகப்படுகிறீர்கள். அவரையும் அவர் அம்மாவையும் அனுப்பிவிடுங்கள். அவர்கள் கைப்பட்டு அவளுக்கு எதுவும் நேரவில்லை. ஒரு கௌரவமான குடும்பத்தின் பெயர் என்னால் கெடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என் மனைவி என்னோடு பேசி ஒன்பது நாள் ஆகிறது. அவளிடமும் எதுவும் கேட்க வேண்டாம். முடிவெடுத்ததெல்லாம் நான்.

தகப்பனே கொன்றான் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன், கை நடுங்காது. நோயை மட்டும் அதில் எழுத வேண்டாம். நாளைக்கு நாலு பேர் படிப்பார்கள். எந்தக் குறையும் இல்லாமல் நான் வளர்த்துக் கொடுத்த பெண் அவள்.