ஆறு மணி மருந்து

அக்கா: தலையை நிமித்து. ஒவ்வொரு மூக்குத் துளையிலயும் மூணு தடவை.

தம்பி: தெரியும்க்கா. ஆறு வாரமா இதைத்தானே பண்றேன்.

அக்கா: தெரிஞ்சவன்தான் முந்தாநாள் சட்டையில அடிச்சுக்கிட்டியா?

தம்பி: நீ சிரிக்க வச்சுட்டே.

அக்கா: நான் எங்கடா... உன் மாமா வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜ்ல வச்சதைச் சொன்னேன். சரி, ஆஸ்பத்திரி ஃபாரம். கடைசி வாரம். 'வீட்டாரிடம் தானாகப் பேசினாரா?'

தம்பி: பேசினாருன்னு போடு. ஏழு தடவை.

அக்கா: அது தானா இல்லையே. மருந்து அடிச்சதும் வீட்டாளு ஒருத்தரோட பத்து நிமிஷம் பேசணும்னு ஆஸ்பத்திரியில சொன்னதுக்காகப் பேசுறே.

தம்பி: நேத்து இருபது நிமிஷம். மிச்சம் பத்து தானா.

அக்கா: கில்லாடிடா... 'குரல்கள் கேட்டனவா?'

தம்பி: நேத்து ஒண்ணு. நீ வரமாட்டேன்னு சொல்லிச்சு.

அக்கா: ஐயோ... அப்புறம்?

தம்பி: நீ வந்துட்டே. அது பேச்சை மாத்திடுச்சு.

அக்கா: மாட்டுக்குப் பால் இறங்கப் போடுற ஊசியும் இந்த ஆக்சிடோசின்தானாமே. மாமா சொன்னாரு.

தம்பி: எனக்கு இறங்கல.

அக்கா: அடச்சீ!

தம்பி: மனச்சிதைவு இருக்கறவங்க மனுஷங்களோட ஒட்டுறதுக்கு உதவுமான்னு ஆராய்ச்சி பண்ணிப் பார்க்கறாங்க. அதுலயும் பாதிப் பேருக்கு வெறும் தண்ணி. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது.

அக்கா: உனக்கு மருந்துதான். மூணு வருஷம் கதவுக்கு வெளிய சாப்பாட்டை வச்சுட்டுப் போனேன். காலி டப்பா மட்டும்தான் வெளிய வரும். இப்பப் பாரு, வாய்க்கு வாய் பதில். சரி... ஆறு வாரம் முடிஞ்சுது. நாளைக்குப் பாட்டிலைத் திருப்பிக் குடுக்கணும். அவ்வளவுதான் போல.

தம்பி: இன்னும் ஆறு வாரம் நீட்டிச்சிருக்காங்க.

அக்கா: யாரு?

தம்பி: டாக்டர்.

அக்கா: எப்ப சொன்னாரு?

தம்பி: ...போன்ல.

அக்கா: நீதான் போனையே எடுக்க மாட்டியே.

தம்பி: அக்கா... திட்டாத.

அக்கா: முதல்ல சொல்லு.

தம்பி: ரெண்டாவது வாரமே என்னை எடுத்துட்டாங்க. என் மாத்திரை அளவைக் கூட்டினாங்கல்ல... கூட்டினா இந்த ஆராய்ச்சியில இருக்கக்கூடாதாம். பாட்டிலையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க.

அக்கா: அப்ப இது?

தம்பி: மூக்கடைப்புக்கு அடிக்கறது. உப்புத்தண்ணி. மருந்துக்கடையில வாங்கி லேபிளைக் கிழிச்சுட்டேன்.

அக்கா: நீயா? கடைக்கா?

தம்பி: முன்னாடி நாலு பேர் இருந்தாங்க. நின்னேன். ஒருத்தர் மணி கேட்டாரு, சொன்னேன். எதுக்கு அழுவுறே? திட்டாதன்னுதான் சொன்னேன்.

அக்கா: அழுவல. ஏன்டா இப்படிப் பண்ணினே?

தம்பி: ஆராய்ச்சி நின்னுடுச்சுன்னு தெரிஞ்சா, நீ பழையபடி டப்பாவை வச்சுட்டுப் போயிடுவே. பயமா இருந்துச்சு. இப்ப அந்த ஃபாரத்தையெல்லாம் பார்த்தா ஆஸ்பத்திரியில நாம மாட்டிக்குவோமாக்கா?

அக்கா: ரெண்டாவது வாரத்துக்கு அப்புறம் எழுதின எதையும் அனுப்பல. எல்லாம் என் பீரோல இருக்கு.

தம்பி: ஏன்?

அக்கா: உன்னை எடுத்த அன்னைக்கே டாக்டர் எனக்கும் போன் பண்ணிட்டாரு.

தம்பி: தெரிஞ்சுமா நாலு வாரம் உட்கார்ந்து எழுதினே? யாருக்கு?

அக்கா: எனக்குத்தான். ஃபாரம் இல்லேன்னா நீ கதவைத் திறப்பியோ மாட்டியோன்னு பயம்டா.