கூப்பிட்டது ஒரு தரம்தான்

ராத்திரி ரெண்டு மணி இருக்கும். பனமலை ஏரிக்கரை ரோடு. ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் மல்லாட்டைக் கொல்லை, அதான் வேர்க்கடலை, நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி. விளக்குக் கம்பம் கிடையாது. ஆடி மாதம் வேறு... ஏரி சுத்தமாக வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது எனக்கு நடந்ததில்லை. எனக்கு நடந்திருந்தால் இந்த ஜங்ஷனில் உங்களோடு உட்கார்ந்து வராத ரயிலுக்குக் காத்துக்கொண்டிருப்பேனா... நம்ம இருதயமேரி டீச்சரின் தம்பி சவுரிராயனுக்கு நடந்தது. எண்பத்தேழோ, எண்பத்தெட்டோ. டீச்சர் பொய் சொல்கிற ஆளும் இல்லை, அதுதான் எனக்குப் பேஜாராக இருக்கிறது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிட்ட வாருங்கள்.

சவுரிராயன் திண்டிவனத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். கிதார் வாசிப்பான். மாதா கோயில் பூசையில் வாசிக்கிற மாதிரி இல்லை... பாண்டிச்சேரியிலிருந்து கப்பல் வேலைக்குப் போன சொந்தக்காரன் ஒருவன் வெள்ளைக்காரன் கேசட்டுகளைக் கொண்டுவந்து தருவான். அட்டையில் சடை வளர்த்த தடியன்கள், தோல் சட்டை, மண்டை ஓடு. போட்டால் ரைஸ் மில் ஓடுகிற சத்தம். ஹெவி மெட்டல் என்று பேர். அக்கம்பக்கத்துக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

ஆனால் பயல் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒன்று கண்டுபிடித்தான். வெறும் இரைச்சலாக வாசித்த குழுவெல்லாம் விலாசமில்லாமல் போயிருந்தது. உலகம் முழுக்க விற்ற குழுவெல்லாம் அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு மெட்டை ஒளித்துவைத்திருந்தது. தொட்டில் ஆட்டிக்கொண்டே முனகலாம், அப்படி ஒரு மெட்டு.

"வெளிய இரும்பு, உள்ள வெல்லம். இரும்ப பசங்க வாங்குவானுங்க, வெல்லத்த அவங்க அம்மா வாங்கும்" என்று டிரம்ஸ் அடிக்கிற மண்ணாங்கட்டியிடம் சொன்னானாம்.

அப்படித்தான் அவர்கள் 'தண்டர்ஸ் மெல்லிசைக் குழு' ஆரம்பித்தார்கள். இடியும் மெல்லிசையும் ஒரே போர்டில் தொங்கியதைப் பார்த்து ஊரே சிரித்தது. சிரித்தவர்களும் பாய் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள், அது வேறு விஷயம். முதலில் சினிமாப் பாட்டு. கிழடுகளுக்குக் கண் சொக்குகிற நேரம் பார்த்து, சொந்தப் பாட்டை எடுத்து விடுவார்கள். கிதார் உறுமும். அதுக்கு மேலே விருத்தாசலத்தின் குரல் ஏறும்.

விருத்தாசலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவன். அவன் அப்பா கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டினவர். மைக் இல்லாமல் விடிய விடிய அடுத்த ஊருக்குக் கேட்கப் பாடுகிற குடும்பம். வெள்ளைக்காரன் தொண்டை கிழியக் கத்துகிற உச்சிக்கு இவன் சும்மா ஏறி நிற்பான். அங்கிருந்து அப்படியே இறங்கி, வெல்லம் மாதிரி ஒரு வரி. கேட்டால் அழுகை வந்துவிடும் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார்.

அந்த வருசம் அவன் முதுகு போய்விட்டது. மூட்டையைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கு மிச்சம் இருந்தது தொண்டை ஒன்றுதான். மெட்ராஸில் கேசட் கம்பெனி வைத்திருந்த ஒருவர், ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துக்கு வந்து இவர்கள் வாசிப்பதைக் கேட்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் கேசட். பிடிக்காவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவது என்று பேசிவைத்திருந்தார்கள். சவுரிராயனுக்குக் கடை இருக்கிறது. விருத்தாசலத்துக்கு என்ன இருக்கிறது...

ஆடி மாதம்தான் உங்களுக்குத் தெரியுமே. ஊருக்கு ஊர் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், ஊருக்கு ஊர் கச்சேரி. மயிலம் பக்கம் முடித்தால் விக்கிரவாண்டி பக்கம். வேனிலேயே தூக்கம், வேனிலேயே பல் விளக்கல். மூணு பேருக்கும் கண் பழுத்துப் போய், ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டது. விருத்தாசலத்தின் குரல் நடுநடுவே உடைய ஆரம்பித்தது.

உடைவதை மறைக்க சவுரிராயன் ஒரு வேலை செய்தான். பழைய டேப் ரிக்கார்டர்களைப் பிரித்து ஒரு எக்கோ பெட்டி கட்டினான். உள்ளே டேப் சுற்றிக்கொண்டே இருக்கும். மைக்கில் ஒரு தரம் சொன்னால் ஸ்பீக்கரில் மூன்று தரம் கேட்கும்... முதலில் சொன்னவன் குரல், பின்னாலேயே பெட்டி சொல்வது ரெண்டு. குரலின் கீறலெல்லாம் அதில் அமுங்கிவிடும்.

விருத்தாசலத்தின் பெண்சாதி அம்சா. அவன் கச்சேரிக்குக் கிளம்பும்போதெல்லாம் ஒன்று சொல்லுவாள். அன்றைக்கும் சொன்னாள்.

"ராத்திரில யாரு பேரு சொல்லிக் கூப்ட்டாலும் உடனே ஏன்னு கேட்டுடாத. அதுங்க ஒரு தரந்தான் கூப்புடும். மூணு தரம் கூப்ட்டா மனுசன். அப்புறம் வாயத் தொற."

நம்ம பக்கத்தில் எல்லார் வீட்டிலும் சொல்வதுதான். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். விருத்தாசலம் இதில் எல்லாம் ரொம்ப சுத்தம். எண்ணிப் பார்க்காமல் பதில் சொன்னதே இல்லை.

பனமலையில் அன்றைக்கு நல்ல கூட்டம். கடைசிப் பாட்டுக்குப் பொடியன்கள் 'ஒன்ஸ் மோர்' கேட்டு விடவேயில்லை. ஒருவழியாக முடிந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு சனம் கலைந்தது. ஏரிக்கரை ஓரம் மேடை. அதன் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஜெனரேட்டர்காரன் பக்கத்திலேயே துண்டை விரித்துத் தூங்கிவிட்டான். வேன் கரை ரோட்டின் அந்தக் கோடியில் நின்றது.

"டிரைவர எழுப்பிக்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டு விருத்தாசலம் இருட்டில் நடந்தான். கட்டிப்போன தொண்டை, கரகரவென்று இருந்தது. சவுரிராயன் அவன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு அலுப்பு. கீழே உட்கார்ந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். மண்ணாங்கட்டி டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். மைக் மட்டும் கம்பியில் நின்றது. எக்கோ பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைக்கணும் என்று நினைத்தானாம்... எழுந்திருக்க முடியவில்லை.

முதலில் ஒரு வாசனை. சேற்று வாசனை. மடை திறந்துவிட்டால் வருமே, அப்படிப் பச்சையாக, ஈரமாக... ஏரிதான் வற்றிக் கிடக்கிறதே என்று நினைப்பதற்குள், மரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். அப்புறம் மூச்சு. யாரோ மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்து இழுக்கிற மூச்சு.

மைக் அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அங்கே யாரும் இல்லை.

"விருத்தா..."

ஸ்பீக்கரில்தான் வந்தது. அது சவுரிராயனுடைய சொந்தக் குரல். அவன் வாயே திறக்கவில்லை.

"விருத்தா..."

"விருத்தா..."

பின்னாலேயே பெட்டி ரெண்டு தரம் சொல்லி முடித்தது. கூப்பிட்டது ஒரு தரம்தான். ஆனால் கரை ரோட்டில் போய்க்கொண்டிருந்தவன் காதில் மூன்று விழுந்திருக்கும். அவன் எண்ணியிருப்பான்.

சவுரிராயன் ஒயரைப் போட்டுவிட்டு எழுந்து, "வாயத் தொறக்காத" என்று கத்தினான். ஜெனரேட்டர் சத்தத்தில் அது எங்கே போய்ச் சேரும்... இருட்டுக்குள் தூரத்திலிருந்து தெளிவாகப் பதில் வந்தது.

"தோ வர்றேன்."

கரகரப்பே இல்லை. அவ்வளவு சுத்தமான குரலை அந்த சீசனிலேயே அவன் கேட்கவில்லையாம். சேற்று வாசனை சட்டென்று போய்விட்டது.

ரெண்டு பேரும் டார்ச்சை அடித்துக்கொண்டு ஓடினார்கள். விருத்தாசலம் எதிரே சாதாரணமாக நடந்து வந்துகொண்டிருந்தான். "இன்னாடா ஆச்சு" என்று மண்ணாங்கட்டி அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் ஏதோ பதில் சொன்னான். வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. காற்றுகூட வரவில்லை.

சுக்கு, பனங்கற்கண்டு, வெந்நீர் எல்லாம் பார்த்தார்கள். திண்டிவனத்து டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார். டீச்சர் அவனைக் கூட்டிக்கொண்டு போய் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார். அம்சா மயிலம் மலைக்கு நடந்தே போய்விட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது.

சவுரிராயன் வர மாட்டோம் என்று சொல்லி அனுப்பத்தான் இருந்தான். விருத்தாசலம் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மெட்ராஸ்காரர் முன் வரிசையில் சோடா குடித்துக்கொண்டிருந்தார். சவுரிராயன் கிதாரை உறுமவிட்டான். பாட வேண்டிய இடம் வந்தது. விருத்தாசலம் மைக்குக்குக் கிட்டே போய் வாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை. ஒரு கணம்தான்... பின்னால் ஸ்பீக்கரில் வந்தது. இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. பெட்டி சொல்கிற ரெண்டும் வந்தன. முதல் குரல் மட்டும் இல்லை. பாட்டு முழுக்க அப்படியே, எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருவது மாதிரி. மண்ணாங்கட்டிக்குத் தாளம் தப்பியது.

மெட்ராஸ்காரர் எழுந்து வந்து விருத்தாசலத்தின் முதுகில் தட்டினார். "இது என்ன டெக்னிக் தம்பி? முதல் குரல் எங்கே போச்சு?"

"செட்டே அப்டித்தான் சார்" என்றான் சவுரிராயன். வேறு என்ன சொல்வான்?

கேசட் வந்தது. நன்றாகவே விற்றது. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் பசங்களும் வாங்கினார்கள், அம்மாக்களும் வாங்கினார்கள். சவுரிராயன் சொன்ன மாதிரியே. ஆனால் அவனுக்கு அதில் ஒரு சந்தோசமும் இல்லை. போகிற ஊரெல்லாம் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தான். பெட்டி இல்லாவிட்டால் விருத்தாசலம் மரக்கட்டை. வீட்டில் பெட்டி கிடையாது, ஜாடைதான். சாப்பாடு போடும்போதுகூட அம்சாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியாதாம்.

ஒருநாள் அம்சா டீச்சரிடம் வந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"தினமும் ராத்திரி வெளிய இருந்து அவரு என்னக் கூப்புட்றாருக்கா. அம்சான்னு. ஒரே தரம். அவரு பக்கத்துலதான் படுத்துக்கினு இருக்காரு."

"நீ ஏன்னு கேட்டியா?"

"இல்லக்கா. ஒரு தரந்தான கூப்புடுது... ஆனா அது அவரு கொரலுக்கா. அந்தப் பழைய கொரலு. அதக் கேக்காம எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

டீச்சர் அவளைத் திட்டினார், அழுதார், கையில் ஜெபமாலையைக் கட்டி அனுப்பினார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஒன்றும் இல்லை. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி ஓடிவந்து சவுரிராயனை எழுப்பினாள். ராத்திரி விருத்தாசலம் வெளியே நின்று பெண்சாதியைக் கூப்பிட்டானாம், அவனுக்குக் குரல் வந்துவிட்டதே, தெரியாதா என்று கேட்டாள். மூன்று தரம் கூப்பிட்டான், நல்லா எண்ணினேன் என்றாள்.

பெட்டி சவுரிராயன் வீட்டு மூலையில்தான் அணைந்து கிடந்தது. அவன் அப்படியே ஓடினான். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. உடைத்துக்கொண்டுதான் போனான். ரெண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். விருத்தாசலத்தின் உள்ளங்கை அம்சாவின் வாயைப் பொத்தியிருந்தது. ராத்திரி வைத்த கை, எடுக்கவே இல்லை போல, விறைத்துப் போயிருந்தது. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சவுரிராயன் ஒவ்வொரு விரலாகப் பிரித்து அந்தக் கையை எடுத்தான்.

"ஏம்மா... நீ பதில் கிதில் சொல்லலியே?"

அம்சா அவனை நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்து, பொறுமையாக, ஏதோ ரொம்ப நேரம் சொன்னாள். உதடு மட்டும் அசைந்தது.