இந்த முறை வராத யுத்தம்

ஜெர்மனியின் எசன் நகரத்து ட்ராமில் எனக்கு முன்னால் இருந்தவர் கைத்தொலைபேசியில் உரக்கச் சொன்னார்: "பிள்ளை, வடக்குத் தெற்கு யுத்தத்தை விடு. அது போன முறை வந்திட்டுது."

பக்கத்தில் இருந்த பெண் திடுக்கிட்டுத் திரும்பினார். "அண்ணை, எங்கடை யுத்தமோ?"

"இல்லைத் தங்கச்சி, அமெரிக்காவின்ரை. அக்காவின்ரை மகள் அங்கை ஏழாம் வகுப்பு. நாளைக்கு மாநிலம் முழுக்கச் சரித்திரச் சோதினை. பெயில் விட்டால் அதே வகுப்பிலைதான் திரும்பவும் இருக்கவேணும்."

"உங்களுக்கு அமெரிக்கச் சரித்திரம் தெரியுமோ?"

"நான் ஊரிலை டியூஷன் குடுத்தனான். சரித்திரம் என்னத்துக்கு? பழைய கேள்விப் பேப்பரைப் பாத்து, என்ன வரும், என்ன வராது எண்டு சொல்லிப்போடுவன்."

"அடிமையளுக்கு எப்பிடி விடுதலை கிடைச்சது எண்டு கேட்டா?"

"கேக்கமாட்டினம். யுத்தமே இல்லை, பிறகு விடுதலை எங்கையிருந்து வாறது?"

அந்தப் பெண் யோசித்தார். தன் தரிப்பிடம் வந்ததும் எழுந்து, கம்பியைப் பிடித்தபடி மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, என்ரை மகனுக்கும் வெள்ளிக்கிழமை சோதினை. ஜெர்மன் சரித்திரம்."

"போன முறை என்ன வந்தது?"

"இரண்டாம் உலக யுத்தம்."

"அப்ப பயப்பிடாதேங்கோ. இந்த முறை அது நடக்காது."