அளவாக இருந்த ஸ்வெட்டர்

1981 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு இருபது. கடும் பனி, ஜன்னலுக்கு வெளியே பத்தடிக்கு மேல் தெரியவில்லை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஒரு பெண்ணும் அவள் நாத்தனாரும்.

“உங்கண்ணன் எனக்கு திருப்பத்தூர்லருந்து ஸ்வெட்டர் வாங்கினு வந்தாரு. சரியா அளவா இருக்குது. அதான் சந்தேகமா இருக்குது.”

“அளவா இருந்தா நல்லதுதான அண்ணி?”

“பதினோரு வருசத்துல ஒரு செருப்பு அளவா வாங்கியிருப்பாரா? அங்க எவளுக்கோ போட்டுப் பாத்துதான் வாங்கியிருக்காரு.”

“எங்கண்ணன் மூஞ்சிக்கா? கலர் இன்னா?”

“மாம்பழ மஞ்சள். வெள்ளப் பொத்தான் ஆறு. பதினெட்டு ரூபாயாம்.”

“சினிமாக்காரி மாதிரி இருப்பீங்களே! போட்டுக்கினு வர்றதுதான?”

“எங்க போடறது? நேத்து ஆத்திரத்துல வெட்டி ரெண்டு தலகாணி உறை தச்சுட்டேன். நாற்காலில வெச்சா வூடு சோக்காத்தான் இருக்குது.”

நாத்தனார் அண்ணியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“அண்ணி, போன வாரம் பச்ச ரவிக்கையக் காணோம்னு தேடினீங்கல்ல? அளவுக்கு வோணும்னு அண்ணன் கேட்டுச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“அடிப்பாவி! சாயங்காலம் வூட்டுக்கு வந்துருவாரே!”

“இன்னா சொல்லப் போறீங்க?”

அதைக் கேட்டுவிட்டு இறங்கலாமென்று இருந்தேன். என் நிறுத்தம் தாண்டி மூன்று வளைவுகள் போன பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

“கை ரெண்டும் மிச்சம் இருக்குது. ஒண்ணா இணைச்சு, ‘உங்களுக்கு மப்ளர்’னு குடுத்தா நம்புவாரா?”

நடத்துனர் எனக்கு இன்னொரு சீட்டுக் கிழித்தார். நாற்பது பைசா.